ஓரத்தைப் பாருங்கள்: தாராவியில் தோல் பொருள் வாங்குகிறவர்களுக்கு

மும்பை தாராவியில், சயான் – பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாக இருக்கும் தோல் கடைகளில் ஏதாவது ஒன்றுக்குள் போய், ஒரே நிறத்தில் ஒரே அகலத்தில் இரண்டு பெல்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 250 ரூபாய், மற்றது 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முகத்தை, அதாவது வெளியே தெரியும் பக்கத்தைப் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். தொழிலில் ஊறியவர்களும் முகத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள். மேலே இருப்பது வர்ணப் பூச்சு. அதில் தோலின் ரேகையை அச்சுக் குத்தி எதையும் எதைப் போலவும் காட்டிவிடலாம். அவர்கள் பெல்ட்டைத் திருப்பி, வெட்டுப்பட்ட ஓரத்தை வெளிச்சத்தில் பிடிப்பார்கள்.

ஓரத்தில் பூசிய மையை நகத்தால் லேசாக நெருடினாலோ, ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தாலோ, மலிவான பெல்ட்டில் மூன்று அடுக்கு தெரியும். மேலே காகிதக் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் படலம், கீழே அதே போல இன்னொன்று, நடுவில் பழுப்பும் சாம்பலும் கலந்த ஓர் அட்டை. தோல் வெட்டும்போது விழும் துணுக்குகளை அரைத்து, பசை சேர்த்து, அழுத்திச் செய்த அட்டை அது. நல்ல பெல்ட்டில் ஓரம் முழுக்க ஒரே பொருள்தான். நெருக்கமாகப் பின்னிய நார் கண்ணுக்குத் தெரியும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலானால் பெரும்பாலும் நடுவில் நீலமும் சாம்பலும் கலந்த கோடு ஓடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதானால் மேலிருந்து கீழ்வரை பழுப்பு.

தோலின் பலமெல்லாம் அந்த நாரில்தான் இருக்கிறது. கொலாஜன் என்கிற புரத நார் நீளநீளமாக, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தாங்குகிறது. அரைத்த அட்டையில் இந்த நார் துண்டு துண்டாகிப்போய், பசைதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெல்ட் தினமும் மடங்குவது இரண்டே இடத்தில்: பக்கிள் கோத்த மடிப்பில் ஒன்று, நாம் வழக்கமாக மாட்டும் ஓட்டையில் ஒன்று. மும்பை வேர்வையும் சேர்ந்துகொண்டால் அந்த இரண்டு இடத்திலும் முதலில் படலம் வெடிக்கும், பிறகு செதில் செதிலாக உரியும், கடைசியில் அட்டை முறியும். தினமும் கட்டுகிறவருக்கு ஆறு மாதமோ எட்டு மாதமோ வரும். ஒற்றைத் தோலில் செய்த பெல்ட், அதே ஆளுக்கு ஐந்து வருஷம் தாராளமாக உழைக்கும்.

அதற்காக 900 ரூபாய் கொடுத்தால் ஒற்றைத் தோல் கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அதே அட்டை பெல்ட் அழகான டப்பாவில் 1,200 ரூபாய்க்கும் தொங்குகிறது. விலை ஏறுவதற்குக் கடை வாடகை, பெயர், பெட்டி என்று எத்தனையோ காரணம் இருக்கும். பொருள் நீடிப்பதற்குக் காரணம் நாலைந்துதான், அவை எல்லாமே கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தெரிந்தால் 600 ரூபாயிலும் நல்ல பெல்ட் வாங்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் 2,000 கொடுத்தும் அட்டையைக் கட்டிக்கொண்டு வரலாம்.

தாராவிக்கும் நம்மவர்களுக்கும் தோல் வழியாக உள்ள உறவு பழையது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் தொட்டிகள் அமைத்தார்கள். பின்னால் வந்த தமிழர்கள் பலருக்கு இந்த ஊரில் முதல் வேலை அந்தத் தொட்டிகளில்தான். இன்று பதனிடும் வேலை பெரும்பாலும் தாராவியை விட்டுப் போய்விட்டது. பதனிட்டு வர்ணமேற்றிய தோல் சென்னை, கான்பூர், கொல்கத்தா பக்கமிருந்து வந்து இறங்குகிறது. வெட்டுவது, ஓரம் சீவுவது, ஒட்டுவது, தைப்பது இங்கே நடக்கிறது. 2015-இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது அறுப்பதற்கும் தடை வந்த பிறகு எருமைத் தோலை நம்பித்தான் தொழில் அதிகம் ஓடுகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. எருமைத் தோல் கனமானது, ரேகை சற்றுப் பெரிது, பெல்ட்டுக்கும் பைக்கும் அருமையாக உழைக்கும்.

கடைக்குள் போனதும் காதில் விழும் சொல் ‘ஜென்யூன் லெதர்’. இந்தச் சொல்லால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. எருமைத் தோலை மெஷினில் கொடுத்து இரண்டாகவோ மூன்றாகவோ பிளப்பார்கள். மயிர்க்கால் ரேகை இருப்பது மேல் அடுக்கில். அந்த ரேகையைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் ‘ஃபுல் கிரெயின்’. பூச்சிக்கடி, முள் கீறிய தழும்பு எல்லாம் அதில் தெரியும், தெரிந்தால் நல்லதுதான். தழும்பை மறைக்க மேலே தேய்த்து வர்ணம் பூசினால் ‘கரெக்டட்’. அதுவும் நன்றாக உழைக்கும், வர்ணம் மட்டும் கனமாக இருக்கக் கூடாது. பிளந்து எடுத்த கீழ் அடுக்கு ‘ஸ்பிளிட்’. அதில் ரேகை கிடையாது, நாரும் தளர்வு. அதன்மேல் பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) படலம் ஒட்டி ரேகையை அச்சுக் குத்தினால் பார்வைக்கு முதல் தரமாகிவிடும். அதையும் தோல் என்றே விற்கிறார்கள். அதற்கும் கீழே அரைத்த அட்டை. அதற்கும் கீழே ரெக்சின், அதாவது துணிமேல் பி.வி.சி. அல்லது பி.யு. பூசியது.

அதனால் ‘இது தோலா?’ என்று கேட்காதீர்கள். “அண்ணே, இது மேல் தோலா, ஸ்பிளிட்டா? உள்பக்கம் கொஞ்சம் காட்டுங்க” என்று கேளுங்கள். விவரம் தெரிந்த ஆள் என்று புரிந்ததும் பல கடைகளில் பேச்சே மாறும். உள்ளே இருந்து வேறு சரக்கு வரும்.

கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளில் நம்பகமானது இரண்டு. கட்டைவிரலால் தோலை அழுத்தினால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் கதிர்போல ஓடி, விரலை எடுத்ததும் மறைய வேண்டும். படலம் ஒட்டியதில் குழி மட்டும் விழும். அடுத்து, முகம் உள்ளே வரும்படி மடியுங்கள். சுருக்கம் சின்னச் சின்னதாக நெருக்கமாக விழுந்தால் முதுகுப் பக்கத்துத் தோல். பெரிய பெரிய தொளதொளச் சுருக்கமாக விழுந்தால் வயிற்றுப் பக்கம். வயிற்றுத் தோல் இழுபடும்; பையின் பாக்கெட்டுக்குப் பரவாயில்லை, தோளில் மாட்டும் பட்டைக்கும் பெல்ட்டுக்கும் ஆகவே ஆகாது. தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, பூச்சு உள்ள நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது. மணமும் சாட்சி ஆகாது. தோல் மணத்தை ரெக்சினுக்கும் ஏற்றலாம். லைட்டர் வைத்துக் காட்டும் கடைக்காரரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஸ்பிளிட்டும் நெருப்புக்குத் தாக்குப்பிடிக்கும். அந்த வித்தையால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காது.

பெல்ட்டுக்கு அளவு: ஒற்றைத் தோல், 3.5 முதல் 4 மி.மீ. கனம். பேண்ட்டுக்கு 30 – 35 மி.மீ. அகலம், ஜீன்ஸுக்கு 38 – 40. பக்கிள் கம்பியிலிருந்து நடு ஓட்டை வரை உள்ள நீளம் உங்கள் இடுப்பளவாக இருக்க வேண்டும். பக்கிளைத் தைத்துவிட்டிருந்தால் வேண்டாம். திருகாணி போட்டு மாட்டியதாகக் கேளுங்கள். மலிவான பக்கிள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை வார்த்து முலாம் பூசியது. வேர்வையில் முலாம் போகும், கீழே விழுந்தால் பட்டென்று உடையும். திருகாணி இருந்தால் பக்கிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பித்தளைப் பக்கிள் கிடைத்தால் கூடக் கொடுத்து வாங்குங்கள், அது பெல்ட்டைத் தாண்டியும் உழைக்கும். காந்தம் வைத்துச் சோதிக்காதீர்கள். பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பார்த்தால் பித்தளையின் கனம் தெரியும். உள்பக்கத்தில் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரியும்.

பர்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு அடுக்கு 0.8 முதல் 1 மி.மீ. போதும். உள்ளே கார்டு வைக்கும் இடமும் தோல்தானா, வெறும் ரெக்சினா என்று மட்டும் பாருங்கள். முதலில் உரிவது உள்ளே இருக்கும் ரெக்சின்தான்.

ஆபீஸ் பைக்கு வருவோம். இங்கேதான் மலிவு ஆசை அதிகம் கெடுக்கிறது. டோம்பிவிலியிலிருந்தோ முலுண்டிலிருந்தோ லோக்கல் ரயிலில் போகிறவரின் பையில் ஒரு லேப்டாப், டிபன் டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர், குடை என்று நாலு கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். கூட்டத்தில் ஏறும்போது அந்தப் பையை நாலு பக்கமும் இழுப்பார்கள். தோல் நல்லதாக இருந்தும் பை அறுந்துபோவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடம், ஜிப், அடிப்பாகம்.

பட்டை சேரும் இடத்தை உள்பக்கமிருந்து பாருங்கள். பட்டையின் முனையை மேல் தையலுக்குள் நுழைத்து ஒரே வரி தையல் போட்டிருந்தால் அது ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. பட்டை முனை பையின் உடம்பில் குறைந்தது மூன்று, நாலு செ.மீ. இறங்கி, சதுரமாகத் தைத்து நடுவே குறுக்குக் கோடு போட்டிருக்க வேண்டும். பின்னால் ஒரு துண்டுத் தோலோ தடித்த துணியோ தாங்கலாக இருக்க வேண்டும். அதன்மேல் ரிவெட் அடித்திருந்தால் இன்னும் நல்லது. ரிவெட் மட்டும் இருந்து தையல் இல்லாவிட்டால் ஓட்டை இழுபட்டு வாய் பிளக்கும். பட்டையை மாட்டும் ‘டி’ வளையத்தையும் விரலால் சுற்றிப் பாருங்கள். கம்பியை வளைத்து அப்படியே விட்டிருந்தால் முனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி தட்டுப்படும். தாதர் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் ஒரு இழுப்புக்கு அந்த வாய் திறந்துகொள்ளும். பற்றவைத்து மூடிய வளையமாகக் கேளுங்கள். விலை வித்தியாசம் சில ரூபாய்தான்.

தையலில் இரண்டு விஷயம். நூல் நைலானாகவோ பாலியஸ்டராகவோ இருக்க வேண்டும். பருத்தி நூல் இந்த ஊர் ஈரத்தில் இற்றுவிடும். நூல் எண் சிறிதாக ஆக கனம் கூடும்: பையின் உடம்புக்கு 40, பட்டைக்கு 20 என்று கேட்டால் தைப்பவருக்குப் புரியும். பைக்கு ஒரு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் சரி. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்கிறோம். துணிக்கு அது சரி. தோலில் ஊசி போடும் ஓட்டை மூடுவதே இல்லை. பன்னிரண்டு ஓட்டை போட்டால் தபால் தலை கிழிவதுபோல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஜிப்பில் பல்லின் அகலத்தை வைத்து எண் போடுவார்கள். உள் பாக்கெட்டுக்கு 5, பிரதான வாய்க்கு 8 அல்லது 10. மலிவான பையில் எல்லா இடத்திலும் 5-தான் இருக்கும். பெயர்பெற்ற ஜிப் கம்பெனியான ஒய்.கே.கே.-யின் பெயர் ரன்னரில் (இழுத்து நகர்த்தும் பாகத்தில்) எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், போலியும் நிறைய உண்டு. ஜிப்பை முழுக்கத் திறந்து மூடுங்கள். மூலையில் திரும்பும்போது திக்கினால் அந்த இடத்தில்தான் பின்னால் பிளக்கும். பழைய ஜிப் மூடியும் திறந்துகொண்டால் பல் கெட்டுவிட்டது என்று முழுதாக மாற்றச் சொல்லாதீர்கள். பத்தில் எட்டு தடவை ரன்னரின் பின்பக்க வாய் விரிந்திருக்கும், அவ்வளவுதான். குறடால் இரண்டு ஓரத்தையும் ஒரே அளவு, மெதுவாக, ஒருமுறை அழுத்தினால் சரியாகும். அதிகம் அழுத்தினால் உடையும். அதுவும் பலிக்காவிட்டால் ரன்னர் மட்டும் மாற்றலாம். மும்பையில் இந்த வேலைக்கு ‘செயின் ரிப்பேர்’ என்று கேட்க வேண்டும். ‘ஜிப்’ என்றால் சிலருக்குப் புரியாது.

அடிப்பாகத்தை உள்ளே கைவிட்டு அழுத்துங்கள். மலிவான பையில் லைனிங்குக்கு அடியில் காகித அட்டை இருக்கும். ஜூலை மழையில் பையைப் பிளாட்பாரத்தில் ஒருமுறை வைத்தால் தையல் ஓட்டை வழியாக ஈரம் ஏறி அட்டை ஊறும், காய்ந்த பிறகு நெளிந்து நிற்கும். அங்கே 2 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் வைக்கச் சொல்லுங்கள். லைனிங் துணியாக இருக்கட்டும், ரெக்சின் வேண்டாம்.

விலை நியாயமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. ஒரு லேப்டாப் பைக்கு வெட்டுச் சேதாரம் சேர்த்துச் சுமார் பத்துச் சதுர அடி பிடிக்கும். சதுர அடி நூறு ரூபாய் என்று வைத்தாலே தோலுக்கு 1,000 ரூபாய் ஆகிவிட்டது. அதற்குமேல் ஜிப், வளையம், லைனிங், நூல், பசை. எல்லாவற்றுக்கும் மேல் வெட்டி, சீவி, ஒட்டி, தைத்தவரின் கூலி. அப்படியானால் 800 ரூபாய்க்கு ‘தோல்’ பை எப்படி வரும்? அந்த விலையில் தோல் இருக்க வழியில்லை. ஒருவேளை இருந்தால், யாரோ ஒருவருடைய கூலியிலிருந்து அது பிடுங்கப்பட்டிருக்கிறது.

கையில் 1,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் தோல் என்ற பெயரையே மறந்துவிடுங்கள். அந்தக் காசுக்குத் தடித்த கேன்வாஸோ நைலானோ வாங்கினால், ரெக்சின் பை உரிந்து குப்பைக்குப் போன பிறகும் அது இருக்கும். மேலே சொன்ன பட்டைத் தையல், வளையம், ஜிப் எல்லாம் அதற்கும் பொருந்தும். பணம் குறைவாக இருப்பவரைத்தான் போலித் தோல் அதிகம் ஏமாற்றுகிறது. அதுதான் இந்தத் தொழிலைப் பார்க்கும்போது மனதுக்கு வலிக்கிற விஷயம். வருஷத்துக்கு ஒரு பை என்று வாங்கி, மூன்று வருஷத்தில் நல்ல தோல் பையின் விலையைக் கொடுத்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

2,500 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடிந்தால் ரெடிமேடு வாங்காமல், கடைக்காரரிடமே சொல்லிச் செய்யுங்கள். லிங்க் ரோட்டுக் கடைகள் பலவற்றுக்கும் பின்னாலேயோ மாடியிலேயோ பட்டறை உண்டு. பில்லில் இதெல்லாம் எழுதி வாங்குங்கள்: எருமையின் மேல் தோல், 1.4 மி.மீ. கனம், நூல் எண், ஜிப் எண், துணி லைனிங், அடியில் பிளாஸ்டிக் ஷீட். தோளில் மாட்டும் பட்டையை எருமையின் முதுகெலும்பு ஓடும் திசையிலேயே நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள், அந்தத் திசையில்தான் தோல் குறைவாக இழுபடும். பாதிப் பணம் முன்னால், மீதி பையை வாங்கும்போது. வெட்டுவதற்கு முன் ஒருமுறை போய்த் தோலைப் பார்த்துவிட்டு வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஷூவில் ஏமாற்றம் வருவது அடியில். மேல் தோல் நன்றாகவே இருக்கும், பார்த்துப் பார்த்து பாலிஷ் போட்டு வைத்திருப்பீர்கள். கல்யாணத்துக்கென்று ரெண்டு வருஷம் டப்பாவில் வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்தால் சோல் கேக் மாதிரி உதிர்ந்து தரையில் கிடக்கும். கடைக்காரர் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டார் என்று திட்டுவோம். காரணம் சோலின் பொருள். பி.யு. சோலில் அதிகம் பயன்படும் பாலியஸ்டர் வகை, காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, அதன் மூலக்கூறுச் சங்கிலியை நீரே அறுத்துவிடும். போட்டாலும் நடக்கும், போடாமல் வைத்தாலும் நடக்கும். கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம் நடக்கும். உதிரத் தொடங்கிய சோலை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது. பசை பிடித்துக்கொள்ள அங்கே உறுதியான பரப்பே இருக்காது.

பி.யு. சோல் லேசாக இருக்கும், வெட்டுப்பட்ட இடத்தில் நுண்ணிய காற்றுக் குமிழ் தெரியும். சில ஷூவில் அடியிலேயே எழுதியிருக்கும். தினமும் போட்டு ரெண்டு வருஷத்தில் தேய்த்துவிடுகிறவருக்கு அது தப்பான பொருள் இல்லை. காலுக்கு மெத்தென்று இருக்கும். எப்போதாவது போடும் ஷூவுக்கு ரப்பர் சோலோ தோல் சோலோ வாங்குங்கள். விசேஷ ஷூவுக்கு பி.யு. சோல் வாங்குவதுதான் மிகப் பெரிய தப்பு, நம்மில் பலர் செய்வதும் அதைத்தான்.

தாராவியில் ஏற்றுமதியில் மிஞ்சியது என்று விற்கும் ஷூவை எடுத்தால் நாக்கின் உள்ளேயோ அடியிலோ சின்னப் படங்கள் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் 1994-இல் கொண்டுவந்த விதி அது. மேல்பாகம், உள்பாகம், சோல் மூன்றும் எதனால் ஆனது என்று படத்திலேயே சொல்ல வேண்டும். விரித்த தோல் வடிவம் இருந்தால் தோல். தோல் வடிவத்துக்குள் வைரக் கட்டம் இருந்தால் மேலே படலம் பூசிய தோல். வெறும் வைரக் கட்டம் இருந்தால் தோலும் இல்லை, துணியும் இல்லை, வேறு பொருள். வலைபோல இருந்தால் துணி. படமும் கடைக்காரர் சொல்வதும் ஒத்துவரவில்லை என்றால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

சோலை மேல்பாகத்தோடு சேர்க்கும் முறைகளில் பசையால் ஒட்டுவது மலிவு, ரப்பர் சோலானால் அதுவும் மோசமில்லை. விட்டுப்போனால் ஒழுங்காக ஒட்டி, சுற்றித் தையல் போட்டால் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். ‘குட்இயர் வெல்ட்’ என்ற முறையில் ஒரு தோல் பட்டி மூலம் தைத்திருப்பார்கள். சோல் தேய்ந்தால் அதை மட்டும் அறுத்தெடுத்துப் புதியது தைக்கலாம். பல ஆயிரம் ரூபாய் ஆகும். வருஷம் முழுக்கத் தோல் ஷூ போட்டே ஆக வேண்டிய வேலையில் இருப்பவருக்கு அது கட்டும். மற்றவர்களுக்கு ஒட்டிய ரப்பர் சோல் போதும் என்பது என் கருத்து.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலிவுதான் சரி. ஹிந்துமாதாவிலும் சயானிலும் முழங்கால் தண்ணீரில் நடக்க 5,000 ரூபாய் ஷூ எதற்கு? பி.வி.சி. அல்லது இ.வி.ஏ. (நுரை போன்ற லேசான பிளாஸ்டிக்) செருப்பு, பின்னால் வார் வைத்தது, அடியில் ஆழமான வெட்டு உள்ளது, 200, 300 ரூபாயில் வாங்கி, சீசன் முடிந்ததும் தேய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். கொல்ஹாப்புரி செருப்பைத் தப்பித் தவறியும் மழையில் போடாதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் செருப்பு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். தண்ணீரில் ஊறினால் அடி அடுக்கு விரிந்து உப்பும். மற்ற எட்டு மாதத்துக்கு அதைவிடக் காற்றோட்டமான செருப்பு இந்த ஊருக்குக் கிடையாது.

தோல் ஷூ நனைந்தே விட்டால்: இன்சோலைக் கழற்றுங்கள். சேற்றை ஈரத் துணியால் துடையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃபேன் காற்றில் ஒரு நாள், ரெண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தாலோ ஹேர் டிரையர் பிடித்தாலோ தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ப்பசை போய் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் மெல்லியதாக கிரீம் தடவுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மறைவான இடத்தில் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பிறகு முழுக்கத் துடையுங்கள். மழைக்காலம் முழுக்க பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. உள்ளே சிக்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை அங்கேதான் வளரும். பழைய தலையணை உறைக்குள் போட்டு, காற்று ஓடும் இடத்தில் வையுங்கள்.

ரயில்வே ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் மோச்சியிடம் கொடுக்கும்போது என்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். விட்டுப்போன சோலை முழுக்கத் திறந்து, பழைய பசையை உப்புத் தாளால் சுரண்டி, ரெண்டு பக்கமும் மெல்லியதாக சொல்யூஷன் என்கிற பசையைப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, பிறகு அழுத்தித் தட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசி உடனே அமுக்கினால் மறுநாளே பிளக்கும். அவசரப்படுத்துகிற நம்மால்தான் பாதி நேரம் அப்படி நடக்கிறது. ஒட்டியதும் நைலான் நூலால் சுற்றித் தையல் போடச் சொல்லுங்கள். ஷூ காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் பசை ஏறாது. அதனால் மே மாதம் முடிவதற்குள், முதல் மழை இறங்கும் முன்பே, இந்த வேலையை முடித்து வாங்கிவிடுங்கள். ஜூனில் எல்லோரும் நனைந்த ஷூவைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால்தான் நிற்பார்கள்.